மார்மன் சபையை விமர்சிச்ச ஒரு எழுத்தாளர் பத்தின கட்டுரை, ரெண்டு பக்கமும் இழுக்கிறாங்க, என்ன பண்ணலாம்?

காட்பாடி_கயல்:

எல்லாருக்கும் வணக்கம். எம்ஏ ஹிஸ்டரி முடிச்சுட்டு காட்பாடியில வீட்ல இருந்துகிட்டே டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கிறேன், ராத்திரில ஒரு மணி நேரம் ஒரு ஆன்லைன் கலைக்களஞ்சியத்துல தமிழ் கட்டுரை எழுதுறது என் வழக்கம். எந்த தளம்னு இங்க சொல்ல வேணாம்னு நினைக்கிறேன், பிரச்சினை தளத்தோட பிரச்சினை இல்ல.

போன மாசம் ஃபான் ப்ரோடி பத்தி ஒரு கட்டுரை ஆரம்பிச்சேன். தெரியாதவங்களுக்கு, இவங்க அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல 1915ல பொறந்தவங்க, மார்மன் குடும்பம் (மார்மன்னா அமெரிக்காவுல ஜோசப் ஸ்மித் ஆரம்பிச்ச ஒரு கிறிஸ்தவ சபை), அதுவும் சாதாரண குடும்பம் இல்ல, இவங்க அப்பா தாமஸ் மெக்கே சபையில பெரிய பொறுப்புல இருந்தவர், பெரியப்பா டேவிட் மெக்கே 1951ல சபைக்கே தலைவர் ஆனவர். அப்படிப்பட்ட வீட்ல இருந்து வந்த பொண்ணு 1945ல சபையோட நிறுவனர் ஜோசப் ஸ்மித்தோட வாழ்க்கை வரலாறை எழுதுறாங்க, அந்த சபையோட புனித நூலான மார்மன் புத்தகம் தேவதூதர் காட்டின தங்கத் தகடுல இருந்து வந்தது இல்ல, ஸ்மித் தானே எழுதினதுன்னு சொல்றாங்க, அடுத்த வருஷமே 1946ல சபைய விட்டு நீக்கிடுறாங்க. அப்புறம் கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்துல ப்ரொஃபசரா இருந்தாங்க, 1974ல தாமஸ் ஜெஃபர்சன் பத்தி எழுதின புத்தகம் பெரிய விவாதம் ஆச்சு, 1981ல இறந்துட்டாங்க. எனக்கு இவங்கள ரொம்ப பிடிச்சு போச்சு, தமிழ்ல இவங்கள பத்தி உருப்படியா ஒண்ணும் இல்லையேன்னு தான் எழுதினேன்.

இப்ப பிரச்சினை. ரெண்டு பேரு வந்து கட்டுரைய மாறி மாறி மாத்துறாங்க. ஒருத்தர் வேற ஒரு கிறிஸ்தவ பிரிவு போல, "துர்உபதேசத்தைத் தோலுரித்த வீரப் பெண்மணி"ன்னு முதல் வரியிலயே போடுறார். ஸ்மித் எங்க வந்தாலும் "கூறினான்", "ஏமாற்றினான்". இன்னொருத்தர் அந்த சபை பக்கம்னு நினைக்கிறேன், அவர் வந்தா பாதி கட்டுரை காலி, "சபையிலிருந்து நீக்கப்பட்ட மார்மன் விரோதி"ன்னு ஒரு வரி நிக்கும், ப்ரோடி "எழுதினாள்", "திரித்தாள்". ஒருத்தர் ன் போடுறார், ஒருத்தர் ள் போடுறார், நான் ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு ஃபோன வெச்சிகிட்டு எல்லாத்தையும் ர் ஆக்கிட்டு இருக்கேன். நேத்து ஒரே நாள்ல நாலு தடவ பழையபடி திருப்பினேன், என் பேச்சுப் பக்கத்துல எச்சரிக்கை வந்துடுச்சு, எனக்கு! சண்டை போட்டவங்களுக்கு வரல, கட்டுரைய எழுதின எனக்கு வந்திருக்கு. அழுகையே வந்துடுச்சு.

முதல் வரியில அவங்கள என்னன்னு சொல்றது, எதிர்ப்பாளரா விமர்சகரா வரலாற்றாசிரியரா? அவங்க புத்தகத்தையே ஆதாரமா காட்டினது தப்பா? சபையோட வெப்சைட்ட ஆதாரமா வெக்கலாமா? அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க ப்ளீஸ்.


பாலாற்றங்கரை:

கயல் மா, நான் ராணிப்பேட்டை, பன்னெண்டு வருஷமா இந்த மாதிரி தளங்கள்ல தொகுத்துகினு இருக்கேன், எச்சரிக்கை வந்ததுக்கு மனசு விட்றாத. அது யாரு சரி யாரு தப்புன்னு பாத்து வர்றது இல்ல. விக்கிப்பீடியாவுலயே 24 மணி நேரத்துல ஒரே கட்டுரைய மூணு தடவைக்கு மேல திருப்பினா தடை வரலாம்னு விதி இருக்கு, நீ எழுதினது நூத்துக்கு நூறு உண்மையா இருந்தாலும் அதே தான், பெரும்பாலான தளங்கள் அதையே தான் எடுத்து வெச்சிருக்காங்க. ஏன்னா ஒவ்வொருத்தரும் தான் சரின்னு நினைச்சு தான் திருப்புறாங்க. அதனால இன்னிலேர்ந்து கட்டுரைய தொடாத, ரெண்டு நாள் அது தப்பாவே இருக்கட்டும். பேச்சுப் பக்கத்துக்கு போ, ஒவ்வொரு வரியா எடுத்து வெச்சு பேசு, அவங்க ரெண்டு பேரையும் கூப்பிடு. வரலன்னா நிர்வாகிங்க கண்ணுக்கு தானா தெரியும் யாரு பேச ரெடி யாரு இல்லன்னு.

அந்த ன், ள், ர் விஷயம் நீ நினைக்கிறத விட பெருசு. இங்கிலீஷ்ல எழுதுறவங்களுக்கு இந்த தலைவலியே கிடையாது, நமக்கு வினைமுற்றுலயே மரியாதை ஒட்டிகினு வருது. எல்லாருக்கும் ர், செத்தவங்களுக்கும் ர், ஜெயிலுக்கு போனவங்களுக்கும் ர், இத முதல்ல பேச்சுப் பக்கத்துல ஒத்துக்க வை, பாதி சண்டை அதோட அடங்கிடும்.

அடுத்தது வினைச்சொல். நீ எழுதின வெர்ஷன வரலாறு பக்கத்துல போய் பாத்தேன், நீ மட்டும் ஒழுங்குன்னு சொல்ல மாட்டேன் மா. "ஸ்மித் தானே எழுதினார் என்று ப்ரோடி நிரூபித்தார்"னு போட்டிருக்க. நிரூபித்தார் கிடையாது. "என்று வாதிட்டார்", "என்று எழுதினார்", அவ்ளோ தான். "அம்பலப்படுத்தினார்"னு ஒரு எடத்துல இருக்கு, அதையும் எடு. ஒரு மதத்தோட அடிப்படை நம்பிக்கை உண்மையா பொய்யான்னு தீர்ப்பு சொல்றது கலைக்களஞ்சியம் வேலை இல்ல, யாரு எப்ப என்ன சொன்னாங்க, அதுக்கு யாரு என்ன பதில் சொன்னாங்கன்றது தான் நம்ம வேலை.

அவங்க புத்தகத்த அவங்க என்ன சொன்னாங்கன்றதுக்கு ஆதாரமா காட்டலாம், அவங்க சொன்னது சரின்றதுக்கு காட்ட கூடாது. சபை வெப்சைட்டும் அப்படியே, சபையோட நிலைப்பாடு என்னன்றதுக்கு அதவிட நல்ல ஆதாரம் இல்ல. ஆனா ப்ரோடி எப்படிப்பட்டவங்கன்றதுக்கு அது போதாது, அதுக்கு ரெண்டு பக்கமும் சேராத ஆளு வேணும். நியூவெல் பிரிங்ஹர்ஸ்ட்னு ஒரு வரலாற்றாசிரியர் 1999ல ப்ரோடியோட வாழ்க்கை வரலாறே எழுதியிருக்கார், அதுலேர்ந்து ஆரம்பி.


கோட்டை_அகழி:

முதல் வரியில என்ன பேரு வெக்கிறதுன்னு கேட்டியே பாப்பா, நம்ம ஊர்ல இருக்கிற உனக்கு இது புதுசா? மக்கான் சிக்னல் தாண்டுறப்ப அந்த தூண பாத்திருப்ப. 1806 ஜூலை 10 ராத்திரி வேலூர் கோட்டைக்குள்ள நடந்தத இங்கிலீஷ்காரங்க மியூட்டினின்னு எழுதினாங்க, பழைய பாடப் புத்தகத்துல சிப்பாய் கலகம், இப்ப சிப்பாய் புரட்சி, மேடையில பேசுறப்ப முதல் சுதந்திரப் போர். நான் இருபது வருஷத்துக்கு மேல ஸ்கூல்ல வரலாறு எடுத்தவன், ஒவ்வொரு வருஷமும் ஒரு பையன் எழுந்து கேப்பான், சார் எதை எழுதினா மார்க்குன்னு.

நான் என்ன பண்ணுவேன்னா பேரை போர்டுல எழுதவே மாட்டேன். 1805 கடைசில புது உடை விதி வருது, நெத்தியில சாதி மத சின்னம் வெக்க கூடாது, தாடிய திருத்தணும், அப்புறம் தோல் பட்டை வெச்ச புது தலைப்பாகை. கோட்டையில திப்புவோட பிள்ளைங்க காவல்ல இருக்காங்க. ராத்திரி சிப்பாய்ங்க எழுந்து வெள்ளைக்கார சோல்ஜருங்கள சுடுறாங்க, காலையில ஆற்காட்டுலேர்ந்து கில்லெஸ்பி குதிரைப் படையோட வந்து அடக்குறார், நூத்துக்கணக்குல சிப்பாய்ங்க சாவுறாங்க, அப்பால கவர்னர் பென்டிங்கையும் தளபதி கிரடாக்கையும் லண்டனுக்கு திரும்ப கூப்பிட்டுகினாங்க, திப்பு குடும்பத்த கல்கத்தாவுக்கு அனுப்பினாங்க. இவ்ளோவும் எழுதிட்டு, இப்ப நீயே சொல்லு இத என்னன்னு கூப்பிடுவன்னு கேப்பேன். மதத்துல கைவெச்சதால வந்த கோவமா, திப்பு குடும்பத்து ஆளுங்க தூண்டினதா, ரெண்டுமான்னு அன்னிலேர்ந்து இன்னி வரைக்கும் வரலாற்றாசிரியருங்க பேசிகினு தான் இருக்காங்க. பேரை முன்னாடி வெச்சுட்டா அந்த கேள்வியே பசங்க மனசுல வராது.

உன் கட்டுரையிலயும் அதையே பண்ணு. வாழ்க்கை வரலாறு எழுதியவர், ப்ரொஃபசர், இது தொழில். யாரும் மறுக்க முடியாது. விமர்சகரா விரோதியா வீராங்கனையான்றது அவங்கள பத்தி மத்தவங்க சொன்னது, அதை கீழ யாரு சொன்னாங்கன்னு பேரோட போடு.


குடியாத்தம்_டு_பெங்களூரு:

சிஸ்டர், நான் குடியாத்தத்துல பொறந்தவன், பெங்களூருல வேலை, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில இருக்கேன். உங்க கட்டுரைய அழிச்சது நான் இல்ல, ஆனா ஏன் ஒருத்தருக்கு அழிக்கணும்னு தோணுதுன்னு என்னால சொல்ல முடியும். நம்ம ஊர் பக்கம் எந்த கிறிஸ்தவ வீட்டுக்கு போனாலும் எங்கள துர்உபதேசக்காரங்கன்னு தான் சொல்லுவாங்க, என் சொந்த அத்தை வீட்ல எனக்கு ஜெபத்துல உக்கார எடம் இல்ல. அதே வார்த்தைய ஒரு கலைக்களஞ்சியத்துல முதல் வரியில படிச்சா எப்படி இருக்கும் யோசிங்க. மார்மன்னு கூப்பிடுறதையும் விட்டுட்டு முழுப்பேர சொல்லுங்கன்னு அப்ப எங்க தலைவரா இருந்த ரஸ்ஸல் நெல்சன் 2018லயே கேட்டுகிட்டார், கட்டுரையில ஒரு தடவயாவது முழுப்பேரு வந்தா நல்லா இருக்கும்.

அதே நேரம் அவர் பாதி கட்டுரைய அழிச்சது தப்பு, எங்க ஆளா இருந்தாலும் தப்பு தான். சபை நீக்கம் நடந்தது உண்மை. ஸ்மித்துக்கு பல மனைவிங்க இருந்தது உண்மை, 2014ல சபையே வெளியிட்ட கட்டுரையில கவனமா போட்ட கணக்கு முப்பதுலேர்ந்து நாப்பதுக்குள்ளன்னு சொல்லியிருக்கு. அதை படிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கம் வரல, ஆனா இப்பவும் சபையில தான் இருக்கேன்.

ஆனா சிஸ்டர் நீங்க "48 மனைவிகள்"னு நேரா எழுதியிருக்கீங்க. அது ப்ரோடியோட லிஸ்ட், மத்தவங்க கணக்கு அதவிட கம்மி. அதவிட முக்கியம், ஆலிவர் புயெல்னு ஒருத்தர் ஸ்மித்தோட பிள்ளைன்னு ப்ரோடி நினைச்சாங்க, முகஜாடை ஒத்து போகுதுன்னு ஃபோட்டோ வரைக்கும் காட்டினாங்க, நீங்களும் அதை எடுத்து எழுதியிருக்கீங்க. டிஎன்ஏ சோதனையில அவர் ஸ்மித்தோட பிள்ளை இல்லன்னு 2007லயே வந்தாச்சு. இன்னும் சில பேரையும் அதே மாதிரி சோதிச்சு இல்லன்னு சொல்லிட்டாங்க. இது ஏன் உங்க கட்டுரையில ஒரு வரி கூட இல்ல? எங்க பக்கத்துலேர்ந்து பாத்தா இத விட்டுட்டு அதை மட்டும் போடுறது நடுநிலையா தெரியல.


காட்பாடி_கயல்:

அண்ணா உண்மைய சொல்லணும்னா புயெல் டிஎன்ஏ எனக்கு தெரியாது. நான் 1945 புத்தகத்த பத்தி ரெண்டு மூணு கட்டுரை படிச்சுட்டு அதுல இருந்தத அப்படியே தமிழ்ல போட்டுட்டேன். நீங்க சொன்னதும் தேடி பாத்தேன், நீங்க சொன்னது சரி. ரெண்டு நாளா நான் தான் நடுவுல நிக்கிறேன்னு நினைச்சிட்டு இருந்தேன். அந்த வரிய நானே எடுத்துடறேன், இல்ல எடுக்காம அடுத்த வரியில சோதனைய பத்தி போடுறேன், எது சரின்னு சொல்லுங்க.

உங்க அத்தை வீட்டு விஷயம் படிச்சப்ப கஷ்டமா இருந்துச்சு அண்ணா. துர்உபதேசம்ன்ற வார்த்தை அந்த கட்டுரையில எங்கயும் நிக்காது, நான் பாத்துக்கறேன்.


பாலாற்றங்கரை:

எடுக்காத மா. அவங்க அப்படி நினைச்சாங்க, எதை வெச்சு நினைச்சாங்க, பின்னாடி சோதனை என்ன சொல்லிச்சு, மூணும் ஒரே பத்தியில வரணும். எடுத்துட்டா ப்ரோடிய காப்பாத்துற மாதிரி ஆயிடும்.


ஆம்பூர்காரன்:

எல்லாரும் ரொம்ப நல்லா பேசுறீங்க, ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு அத சொல்லிடுறேன். நடுநிலை நடுநிலைன்னு சொல்லி கடைசில "சிலர் இப்படி சொல்கிறார்கள், சிலர் அப்படி சொல்கிறார்கள்"னு ஒரு சப்புன்னு கட்டுரை வந்து நிக்கும், படிக்கிறவனுக்கு ஒண்ணும் புரியாது. பாதி உனக்கு பாதி எனக்குன்னு பங்கு போடுறதுக்கு பேரு நடுநிலை இல்ல. எந்த பக்கம் ஆதாரம் கனமா இருக்கோ அந்த பக்கம் கனமா தான் எழுதணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். 1826ல, அதாவது சபை ஆரம்பிக்கிறதுக்கு நாலு வருஷம் முன்னாடி, ஸ்மித்துக்கு இருபது வயசு, நியூயார்க் மாநிலத்துல ஒரு சின்ன ஊர்ல அவர கோர்ட்டுக்கு கொண்டு வந்தாங்க, ஒரு கல்ல வெச்சு பாத்து பூமிக்குள்ள இருக்கிற புதையல் எங்க இருக்குன்னு சொல்றேன்னு ஒரு விவசாயிகிட்ட வேலைக்கு இருந்தார்னு புகார். நம்ம ஊர்ல மை போட்டு பாக்கிறாங்களே அது மாதிரின்னு வெச்சுக்கோங்க. ப்ரோடி இந்த கேஸ் ரெக்கார்ட நம்பி எழுதினாங்க. சபை பக்கத்து அறிஞருங்க அது நம்ப முடியாத ரெக்கார்டுன்னு வருஷக் கணக்கா சொல்லிகினு இருந்தாங்க. 1971ல என்ன ஆச்சு தெரியுமா, அந்த கவுன்டி ஜெயிலோட அடித்தளத்துல கிடந்த பழைய காகிதக் கட்டுல அந்த மாஜிஸ்ட்ரேட் ஆல்பர்ட் நீலி எழுதின பில்லு கெடச்சுது. அவர் கவுன்டிகிட்ட ஃபீஸ் கேட்டு எழுதின பில்லு. அதுல "ஜோசப் ஸ்மித், கண்ணாடி பார்ப்பவர், மார்ச் 20, 1826"ன்னு இருக்கு, தொகை 2 டாலர் 68 சென்ட். யாரும் மதத்த பத்தி வாதாட எழுதின காகிதம் இல்ல அது, ஒரு ஆபீசர் தன் கூலிய கேட்ட காகிதம். இப்ப சபையே நடத்துற ஜோசப் ஸ்மித் ஆவணத் தொகுப்புலயும் அந்த கேஸ் இருக்கு. தீர்ப்பு என்ன ஆச்சுன்றதுல தகராறு உண்டு, ஆனா கேஸ் நடந்துதான்றதுல இல்ல. அப்ப கட்டுரையில "இவ்வழக்கு நடந்ததாக ப்ரோடி கூறுகிறார்"னு எழுதினா அது பொய் தானே? நடந்தது நடந்ததுன்னு எழுதணும். ப்ரோடி தப்பு பண்ண எடத்த கறாரா எழுதுறோம், சரியா சொன்ன எடத்தையும் அதே கறாரா எழுதுங்க.


கோட்டை_அகழி:

ஆம்பூர் தம்பி சொல்றது ரொம்ப சரி. ஜெஃபர்சன் விஷயத்தையும் சேத்துக்கோங்க. அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கும் அவர் வீட்ல அடிமையா இருந்த சாலி ஹெமிங்ஸுக்கும் பிள்ளைங்க இருந்தாங்கன்னு 1974ல ப்ரோடி எழுதினப்ப அங்க இருந்த பெரிய பெரிய ஜெஃபர்சன் அறிஞருங்க அவங்கள கிழிச்சாங்க. 1998ல டிஎன்ஏ சோதனை வந்துது, சாலியோட கடைசி பையன் வழில வந்தவருக்கும் ஜெஃபர்சன் குடும்ப ஆண் வழிக்கும் ஒத்து போச்சு. சோதனை அந்த குடும்பத்த தான் காட்டும், தாமஸ் தான்னு தனியா காட்டாது, ஆனா மத்த சான்றுங்களோட சேத்து பாத்து ஜெஃபர்சன் வீட்ட பராமரிக்கிற அறக்கட்டளையே 2000ல அவர் தான் தகப்பனா இருக்க வாய்ப்பு அதிகம்னு ஏத்துகிச்சு. ஒரே எழுத்தாளர், ஒரே மாதிரி கேள்வி, யாரு யாருக்கு பிள்ளைன்ற கேள்வி, ஒரு புத்தகத்துல சோதனை அவங்க பக்கம் நிக்குது, இன்னொண்ணுல எதிரா நிக்குது. கயல், இத நீ எழுதாம யாரு எழுதுவா? உன் கட்டுரைக்கு இதவிட நல்ல பத்தி கெடைக்காது.


குடியாத்தம்_டு_பெங்களூரு:

1826 கேஸ் பத்தி ஆம்பூர் பிரதர் சொன்னதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. அதோட அந்த காலத்து கிராமத்துல நிறைய பேரு இப்படி கல்லு வெச்சு பாக்கிற பழக்கம் இருந்துதுன்னும் ஒரு வரி போடுங்க, எங்க சபை ஆளும் கொலம்பியா யுனிவர்சிட்டியில ப்ரொஃபசரா இருந்தவருமான ரிச்சர்ட் புஷ்மன் 2005ல எழுதின ஸ்மித் வாழ்க்கை வரலாறுல இதெல்லாம் மறைக்காம இருக்கு. ப்ரோடிக்கு பதிலா ஹியூ நிப்லி 1946ல எழுதின சின்ன புத்தகத்த மட்டும் காட்டி எங்க பக்கத்த முடிச்சிடாதீங்க, அது கோவத்துல எழுதினது, புஷ்மன் அப்படி இல்ல.


பாலாற்றங்கரை:

நல்ல ஆதாரம், சேத்துக்கலாம். இன்னொண்ணு கயல், அந்த ரெண்டு பேரும் எந்த மதம் எந்த சபைன்னு பேச்சுப் பக்கத்துல கேக்காத, ஊகமும் பண்ணாத. விக்கிப்பீடியாவுல 2009ல சயின்டாலஜின்ற அமெரிக்க மத அமைப்போட கம்ப்யூட்டர்கள்லேர்ந்து வர்ற தொகுப்பையெல்லாம் தடை பண்ணாங்க, அது அமைப்பா சேந்து தங்கள பத்தின கட்டுரைகள மாத்துறாங்கன்னு விசாரிச்சு எடுத்த முடிவு. உன் கேஸ் அது இல்ல, இது ரெண்டு தனி ஆளு. நம்பிக்கை இருக்கிறவங்க அந்த நம்பிக்கைய பத்தி எழுத கூடாதுன்னு இல்ல, நம்ம குடியாத்தம் தம்பியவே பாரு, உன் கட்டுரைய உன்னவிட நல்லா சரி பாத்தது அவர் தான்.


காட்பாடி_கயல்:

எல்லாருக்கும் நன்றி, நேத்து முழுக்க உக்காந்து மணல்தொட்டியில (எழுதி பாக்கிற சோதனைப் பக்கம்) புதுசா எழுதினேன், முதல் பத்தி மட்டும் இங்க போடுறேன் பாருங்க:

"ஃபான் மெக்கே ப்ரோடி (1915–1981) அமெரிக்க வாழ்க்கை வரலாற்று நூலாசிரியர், பேராசிரியர். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தைப் பற்றி 1945இல் இவர் எழுதிய நூல், மார்மன் புத்தகம் ஸ்மித்தின் சொந்தப் படைப்பே என்று வாதிட்டது. 1946இல் சபை இவரை நீக்கியது. இந்நூலின் சில முடிவுகளைப் பின்னர் கிடைத்த ஆவணங்கள் உறுதிசெய்தன. சிலவற்றை மரபணுச் சோதனைகள் மறுத்தன."

கீழ 1826 பில்லு, புயெல், 48க்கு பக்கத்துல 30–40, ஜெஃபர்சன் எல்லாம் தனித்தனி பத்தியா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஆதாரம் போட்டிருக்கேன். விமர்சனம்னு தனியா ஒரு தலைப்பு போட்டு எல்லாத்தையும் அங்க கொட்டாம அந்தந்த எடத்துலயே சேத்துட்டேன். விமர்சகர், விரோதி, வீராங்கனை ஒண்ணும் இல்ல. பேச்சுப் பக்கத்துல ரெண்டு பேரையும் கூப்பிட்டிருக்கேன், அந்த ர் விஷயத்துக்கு ஒருத்தர் சரின்னு சொல்லிட்டார், "எழுதினாள்"னு போட்டவர் தான். இன்னொருத்தர் இன்னும் வரல.


ஆம்பூர்காரன்:

"சில முடிவுகளை உறுதிசெய்தன"ன்றத விட "1826 வழக்கு நடந்ததை உறுதிசெய்தன"ன்னு போடு, எந்த முடிவுன்னு தெரியாம படிச்சா மார்மன் புத்தகம் பத்தி சொன்னதையே உறுதி பண்ணிட்ட மாதிரி இருக்கு.


காட்பாடி_கயல்:

ஆமா, கவனிக்கவே இல்ல. மாத்திட்டேன். "சபை இவரை நீக்கியது" மட்டும் இன்னும் உறுத்துது, வேலைய விட்டு நீக்கின மாதிரி கேக்குது. விலக்கி வெச்சாங்கன்னு போட்டா ஊர் விலக்கு மாதிரி ஆயிடுது. உங்க சபையில தமிழ்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க குடியாத்தம் அண்ணா?


குடியாத்தம்_டு_பெங்களூரு:

பேச்சுல நாங்க இங்கிலீஷ் வார்த்தைய தான் சொல்லுவோம் சிஸ்டர். எழுத்துல "சபை உறுப்பினர் நிலையிலிருந்து நீக்கியது"ன்னு போடுங்க, நீளமா இருந்தாலும் நடந்தது அது தான்.